ஆப்பும் கழுந்தும்: மரவேலை பாடமான கதை

இந்தப் பதிவு ஒரு குட்டி பெஞ்சில் ஆரம்பிக்கிறது. சில மாதங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் இரண்டு நாள் மரவேலை வகுப்புக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம் முடிகிற வகுப்பு. மொத்தம் பத்துப் பேர். பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், ஒரு பல் டாக்டர், வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு ஐயா, காலேஜ் படிக்கிற இரண்டு பெண்கள். கடைசி மேஜையில் நான்.

அந்தப் பத்துப் பேரில் தச்சர் வீட்டுப் பேரன் நான் ஒருத்தன்தான். உளியைத் தப்பாகப் பிடித்ததும் நான் ஒருத்தன்தான். சொல்லிக்கொடுத்த தம்பி என் கையைப் பார்த்துவிட்டு, "சார், உளியோட தட்டைப் பக்கம் கோட்டைப் பார்த்து இருக்கணும், திருப்பிப் பிடிங்க" என்றார். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்குச் சிரித்திருப்பாரா, திட்டியிருப்பாரா தெரியாது. ஆனால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் நாள் பாடம், பாதிக்குப் பாதி இணைப்பு. ஒரே கனமுள்ள இரண்டு கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றைச் சிலுவை மாதிரி உட்கார வைக்க வேண்டும். முடித்ததும் மேல் பக்கம் சமமாக இருக்க வேண்டும். கட்டையைக் கையில் வாங்கியதுமே எனக்கு ஒரு சந்தேகம். இதை எங்கேயோ செய்திருக்கிறேனே?

ஆமாங்க. இன்ஜினியரிங் முதல் வருஷம், ஒர்க்‌ஷாப் லேப். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அந்த லேப் மறந்திருக்காது. காக்கிச் சட்டை, ரெக்கார்டு நோட்டு, ஃபிட்டிங், வெல்டிங், பிளம்பிங், கார்பென்ட்ரி. கார்பென்ட்ரியில் சிலுவை இணைப்பு ஒன்று, 'டி' வடிவ இணைப்பு ஒன்று, முடிந்தால் புறாவால் இணைப்பு. செய்து காட்டினால் மார்க். மார்க் போட்டதும் கட்டை மூலையில் இருக்கும் குவியலுக்குப் போகும். அந்தக் குவியல் கடைசியில் விறகாகும்.

நான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் படிக்க வந்த பையனுக்கு எதற்கு சிலுவை இணைப்பு? அதிலும் ஏன் முதலில் சிலுவை, பிறகு 'டி', பிறகு புறாவால்? இந்த வரிசையை யார் போட்டது? வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். தேடல் லைப்சிக், மாஸ்கோ, சுவீடன் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

மனுஷனுக்கு முன்னாடியே பொருத்து

முதலில் பொருத்து எவ்வளவு பழசு என்று பார்த்துவிடலாம்.

ஜாம்பியா நாட்டில் கலாம்போ அருவிக்குப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இரண்டு மரத்துண்டுகளை அகழாய்வாளர்கள் எடுத்தார்கள். மேல் மரத்தில் வேண்டுமென்றே வெட்டிய ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் கீழ் மரத்தின் மேல் உட்காருகிற மாதிரி இருந்தது. 2023-ல் வெளியான ஆய்வு அதன் வயதைச் சுமார் 4,76,000 ஆண்டுகள் என்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியதற்கே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான் கணக்கு. அப்படியானால் மரத்தில் பள்ளம் வெட்டி இன்னொரு மரத்தை உட்கார வைக்கிற யோசனை நமக்கும் மூத்தது.

அதைவிட என்னை அசர வைத்தது ஜெர்மனியில் லைப்சிக் பக்கத்தில் கிடைத்த கிணறுகள். 7,000 ஆண்டுக்கு முந்தைய புதிய கற்கால விவசாயிகள் வெட்டிய கிணறுகள் அவை. மண் சரியாமல் இருக்க உள்ளே ஓக் மரத்தில் சட்டம் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரிலேயே கிடந்ததால் மரம் மக்கவில்லை. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, எந்த வருஷம் வெட்டிய மரம் என்று வரை சொல்ல முடிந்தது. 2012-ல் அந்த ஆய்வு வெளியானது.

அந்த அடிச்சட்டத்தில் இருப்பது துளையும் கழுந்தும். ஒரு மரத்தில் துளை. இன்னொரு மரத்தின் முனையை ஒல்லியாக்கிய கழுந்து. துளைக்குள் நுழைந்த கழுந்து மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். அந்த நீட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு ஆப்பு இறுக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் இரும்பு இல்லை, செம்பு இல்லை. கல் வாய்ச்சியும் எலும்பு உளியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்த குட்டி பெஞ்சில் இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குச் சட்டத்துக்குப் போட்டதும் இதே பொருத்துதான். கழுந்து வெளியே நீட்டும், அதில் ஆப்பு. பசை தேவையில்லை. ஆப்பைத் தட்டி எடுத்தால் பெஞ்சு தனித்தனிப் பலகையாகிவிடும். நம்ம ஊரில் ஆப்பு வைக்கிறது என்றாலே கெடுதல் செய்கிறது என்று அர்த்தம் ஆகிவிட்டது. ஆனால் 7,000 வருஷமாக வீட்டையும் கிணற்றையும் கலையாமல் பிடித்துவைத்திருப்பது ஆப்புதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், ஆணி அடித்தால் போதாதா என்று நானும் கேட்டேன். மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் ரொம்பக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். ஆணி இந்த அசைவுக்கு இடம் கொடுக்காது. ஒன்று ஆணி தளரும், இல்லையென்றால் பலகை பிளக்கும். பசைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. மரத்தின் வெட்டுமுனை, ஒரு கட்டு உறிஞ்சுகுழலைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வாய்கள் மாதிரி. அங்கே தடவிய பசையை மரம் உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. பக்கவாட்டு நாரில் பசை நன்றாகப் பிடிக்கும். கழுந்து செதுக்கும்போது நாம் செய்வது இதைத்தான். முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு மரங்களுக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ள இடம் உண்டாக்குகிறோம்.

கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பட்டறையில் முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. ரொம்பத் தடித்தால் துளை போட்ட மரம் பலவீனமாகும், ரொம்ப மெலிந்தால் கழுந்து முறியும்.

தெரிஞ்சவன் எழுதல, எழுதினவன் செய்யல

இவ்வளவு பழைய வித்தை எப்படி அடுத்த தலைமுறைக்குப் போனது? பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்த்துத்தான். ஐரோப்பாவில் பையனை ஒரு மாஸ்டரிடம் பல வருஷ ஒப்பந்தத்தில் விட்டுவிடுவார்கள். பெருக்குவது, பசை காய்ச்சுவது, உளி தீட்டுவது என்று ஆரம்பித்துக் கடைசியில் பொருத்துக்கு வருவான். தொழிற்சங்கக் கட்டுப்பாடு இருந்ததால் வெளியாள் சுலபமாக நுழைய முடியாது. நம்ம ஊரில் ஒப்பந்தமே கிடையாது. பிறப்பே ஒப்பந்தம். ஆசாரி வீட்டில் பிறந்தவன் ஆசாரி.

காகிதத்தில் எழுதிவைத்தவர்கள் குறைவு. சீனாவில் 1103-ல் லி ஜியே என்ற அதிகாரி தொகுத்த 'யிங்ஸாவ் ஃபாஷி' என்ற கட்டடக்கலை நூல், மரங்களின் அளவையும் பொருத்தும் முறையையும் விதியாக எழுதியது. அது முக்கியமாக அரசாங்கக் கட்டடங்களில் செலவையும் அளவையும் கட்டுக்குள் வைப்பதற்கான நூல். இங்கிலாந்தில் ஜோசப் மாக்ஸன் 1678 வாக்கில், கொல்லர் வேலை, தச்சு வேலை எல்லாவற்றையும் பற்றித் தவணை தவணையாகச் சின்னப் புத்தகங்கள் வெளியிட்டார். அவர் தச்சர் இல்லை. வரைபடம், பூகோள உருண்டை செய்து விற்ற அச்சுக்காரர். பிரான்சில் 1769-லிருந்து வெளிவந்த ரூபோவின் பெரிய நூல் இதற்கு விதிவிலக்கு. அவர் தச்சர் மகன், தானும் தச்சர்.

ஆனால் புத்தகத்தைப் படித்து யாரும் தச்சர் ஆகவில்லை. பொருத்து எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எதை முதலில் கற்றுக்கொள்வது, எதைப் பிறகு என்று சொல்லாது. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட இடம் மாஸ்கோ.

அப்பா இல்லாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

மாஸ்கோவில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் ஒரு பெரிய அரசு இல்லம் இருந்தது. அங்கே வளர்ந்த பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு கைத்தொழில் பள்ளி தொடங்க 1830-ல் ஜார் மன்னர் ஒப்புதல் கொடுத்தார். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அப்பாவைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளும் உலகத்தில், அப்பா யாரென்றே தெரியாத பையன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்? அவனுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடம் அது.

அந்தப் பள்ளி வளர்ந்து 1868-ல் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளி ஆனது. இன்றைக்கு அதுதான் பாவ்மன் பல்கலைக்கழகம். இயக்குநர் விக்தர் தெல்லா-வோஸ். பட்டறையில் அவரோடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கியவர் திமித்ரி சோவெத்கின்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் சாதாரணமானது. எதிர்கால இன்ஜினியர்களுக்குக் கைவேலை தெரிய வேண்டும். ஆனால் ஆர்டர் எடுத்துப் பொருள் செய்கிற பட்டறைக்கு அனுப்பினால், அங்கே என்ன வேலை வருகிறதோ அதைத்தான் பையன் கற்பான். அந்த மாதம் நாற்காலி ஆர்டர் வந்தால் மாதம் முழுக்க நாற்காலிக் கால். மேஸ்திரிக்குப் பொருள் முடிய வேண்டும், சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது.

அவர்கள் செய்த மாற்றங்கள் மூன்று நான்குதான். கற்றுக்கொள்ளும் பட்டறையையும் பொருள் செய்யும் பட்டறையையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். தச்சு, கடைசல், கொல்லு, ஃபிட்டிங் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை. எத்தனை மாணவர்களோ அத்தனை மேஜை, அத்தனை செட்டு கருவி. பிறகு முக்கியமான வேலை: ஒவ்வொரு தொழிலையும் அக்கக்காகப் பிரித்து, அதில் வரும் அடிப்படைச் செயல்களைச் சுலபமானதிலிருந்து கடினமானது வரை பயிற்சித் துண்டுகளாக அடுக்கினார்கள். மாணவன் வரைபடத்தைப் பார்த்து அந்தத் துண்டைச் செய்ய வேண்டும். ஒன்றை ஒழுங்காக முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது.

எங்கள் காலேஜ் லேப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனி ஷெட், ஆளுக்கு ஒரு வைஸ், ஆளுக்கு ஒரு கட்டை, கரும்பலகையில் வரைபடம், சிலுவைக்குப் பிறகு 'டி', அதற்குப் பிறகு புறாவால். யாருக்கும் பயன்படாத ஒரு துண்டு, ஆனால் அதற்கு மார்க் உண்டு. உருவம் அப்படியே இருக்கிறது.

இந்தப் பயிற்சித் துண்டுகள் 1873-ல் வியன்னா கண்காட்சிக்கும், 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்கும் போயின. பிலடெல்பியாவில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் எம்.ஐ.டி-யின் தலைவர் ஜான் ரங்கிள். அவர் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த விடை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதே வருஷம் எம்.ஐ.டி-யில் அந்த முறையில் பட்டறை வகுப்பு ஆரம்பித்தது. செயின்ட் லூயிஸில் கால்வின் உட்வர்ட் 1880-ல் பையன்களுக்கான ஒரு கைத்தொழில் பள்ளியையே திறந்தார். தச்சுப் பொருத்து, கணக்குப் பாடம் மாதிரி ஒரு பாடமாகிவிட்டது.

முக்கியமான விஷயம் இது. மாஸ்டர் வேண்டாம், பரம்பரை வேண்டாம், ஏழு வருஷம் பெருக்க வேண்டாம். வரிசைப்படி செய்தால் யார் வேண்டுமானாலும் பொருத்து போடலாம். இப்படி ஒரு வாசல் திறந்தது இங்கேதான்.

விறகாகப் போகாத பாடம்

ஆனால் அந்தக் குவியல்? பயிற்சி முடிந்ததும் விறகாகப் போகிற அந்தக் கட்டைகள்? அதைப் பார்த்துச் சங்கடப்பட்டவன் நான் மட்டும் இல்லை.

பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர் சொல்லி, 1866-லேயே கிராமப் பள்ளிகளில் கைவேலை கட்டாயப் பாடமானது. அவரிடமிருந்து ஊக்கம் பெற்றவர் சுவீடனின் ஓட்டோ சாலமன். கோத்தன்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் நேஸ் என்ற இடத்தில் அவருடைய மாமாவுக்கு ஒரு பெரிய பண்ணை இருந்தது. அங்கே 1872-ல் ஒரு கைத்தொழில் பள்ளி ஆரம்பித்து, பிறகு அது ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கூடமாக மாறியது. பல நாடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து படித்துவிட்டுப் போனார்கள். இந்த முறைக்குப் பெயர் ஸ்லாய்டு.

ஸ்லாய்டும் சுலபத்திலிருந்து கடினத்துக்குத்தான் போகிறது. வரிசை உண்டு, மாதிரிகள் உண்டு. ஒரே வித்தியாசம், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் குழந்தை கையில் ஒரு முழுப் பொருள் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுக்கிற மாதிரி. மரக்கரண்டி, சின்னப் பெட்டி, பெரிய வகுப்புக்கு வந்தால் மேஜை. முதல் கருவி ரம்பம் இல்லை, கத்தி. கிராமத்துப் பையன் கையில் ஏற்கனவே இருக்கிற கருவி அது. நோக்கமும் வேறு. தச்சர்களை உருவாக்குவது அல்ல. கையும் கண்ணும் பொறுமையும் வளர வேண்டும், உடம்பால் செய்கிற வேலை கேவலம் இல்லை என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறை இரண்டையும் கலந்திருந்தது. சனிக்கிழமை முழுக்க மாஸ்கோ, ஞாயிறு முழுக்க சுவீடன். சனிக்கிழமை நான் போட்ட சிலுவை இணைப்பில் நகக்கண் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கோட்டின் மேலேயே அறுத்துவிட்டேன். "கோடு மரத்துல நிக்கணும் சார். கழிவுப் பக்கம் அறுங்க, கோட்டுக்கு உளியில வாங்க" என்றார் அந்தத் தம்பி. துளை போடும்போது ஒரே பக்கத்திலிருந்து உளியை இறக்கினால் அந்தப் பக்கம் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து வரும். இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி வர வேண்டும். இதெல்லாம் விறகுக் கட்டையில் கற்றுக்கொண்டதால்தான் மறுநாள் பெஞ்சு தப்பித்தது. ஆனால் பெஞ்சு என்று ஒன்று இருந்ததால்தான் சனிக்கிழமை ராத்திரி ஓடிப்போகாமல் இருந்தேன். காலேஜில் அந்தப் பெஞ்சு இல்லை.

மத்தியானம் பட்டறைக்குப் போ

நம்ம பக்கம் வருவோம். தென்னாப்பிரிக்காவில் 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கியிருந்தன. அதில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காந்தியின் நண்பர் காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தச்சு வேலையும் கொஞ்சம் தெரியும் என்பதால் சின்னத் தச்சு வகுப்பும் நடந்தது. அந்த அனுபவமெல்லாம் சேர்ந்து 1937-ல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டமாக வந்தது. கைத்தொழில் வழியாகவே மற்றப் பாடங்களையும் சொல்லிக்கொடுப்பது என்ற யோசனை. நூற்பு, நெசவுக்குப் பக்கத்தில் தச்சும் அதில் ஒன்று.

கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது வேறு, குழந்தையைப் பள்ளியிலிருந்து கைத்தொழிலுக்கு அனுப்புவது வேறு. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நமக்குக் காட்டியது 1953.

அந்த வருஷம் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளின் நேரத்தை ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆக்கியது. ஒரு பிரிவு காலையில், ஒரு பிரிவு மத்தியானம். மீதி நேரத்தில் குழந்தை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய போராட்டம் நடந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

இதெல்லாம் நான் பாடப் புத்தகத்தில் படித்தது. போன வாரம்தான் என் பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். 1953-ல் அவர் மூன்றாம் வகுப்பு.

"ஞாபகம் இல்லாம இருக்குமா? காலைல பள்ளிக்கூடம், மத்தியானம் பட்டறைக்குப் போங்கன்னுட்டாங்க. எனக்கு ஒரே குஷி. உங்க தாத்தா வண்டிச் சக்கரம் பண்ணிக்கிட்டு இருப்பாரு. குடத்துல ஆரக்கால் இறக்குறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா உள்ள விடமாட்டாரே."

"ஏன் பெரியப்பா?"

"வேப்பமரத்தடில உக்காந்து சிலேட்டுல எழுதுன்னு சொல்லிட்டாரு. உளியத் தொட்டா கைய ஒடிப்பேன்னாரு. அப்பா தொழில் பிள்ளைக்குன்னு கவர்மெண்டு சொல்லுது, அப்பனே வேண்டாங்குறாரு. நான் என்ன செய்ய?"

பெரியப்பா வாத்தியார் ஆனார். என் அப்பாவுக்கு அரசாங்க வேலை. நான் இன்ஜினியர். யார் கையிலும் உளி இல்லை. ஊர் வீட்டில் தாத்தா போட்ட நிலையும் கதவும் இன்னும் இருக்கின்றன. கதவு கீல் இல்லாமல் குடுமியில் சுற்றுகிறது. நிலையின் மூலையில் கழுந்து எங்கே முடிகிறது, துளை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலால் தடவினால் தெரியும். அதை எப்படிச் செய்தார் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருத்தரும் இல்லை.

இது இழப்புதான். ஆனால் இழந்துவிட்டோமே என்று புலம்புவதற்கு முன்னால் தாத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பரம்பரை வித்தை என்று இன்றைக்கு நாம் அழகாகச் சொல்கிறோம். அவருக்கு அது பரம்பரைக் கூலி. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் கூலிக்காகக் காத்து நிற்பதும் அந்தப் பரம்பரையில் சேர்த்திதான். கையில் இருந்த வித்தையை அவர் வெறுக்கவில்லை. தினமும் உளி தீட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தவர் வித்தையை வெறுப்பாரா? அந்த வித்தையோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றதெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம் என்றார். இரண்டையும் பிரித்துக் கொடுக்க அவரிடம் வழி இல்லை.

அந்த இரண்டையும் பிரித்தது தெல்லா-வோஸின் பயிற்சித் துண்டு. இவ்வளவு நாளாக நான் சலித்துக்கொண்ட அந்த விறகுக் கட்டைக்குச் சாதி கிடையாது. அந்த லேப்பில் என் பக்கத்து வைஸில் நின்றவன் அப்பா என்ன தொழில் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கட்டை சதுரமாக இருக்கிறதா என்றுதான் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்கள். தாத்தா எனக்குக் கொடுக்க மறுத்த பொருத்து, ரஷ்யாவில் அப்பா இல்லாத பிள்ளைகளுக்காக ஆரம்பித்த ஒரு பள்ளியின் வழிமுறையில் சுற்றி வளைத்து என் கைக்கு வந்தது. வந்தபோது நான் அதை மார்க்குக்காகச் செய்து குவியலில் எறிந்துவிட்டேன். தப்பு முறையில் இல்லை. எதற்காக இதைச் செய்கிறோம் என்று அன்றைக்கு யாராவது ஒரு பத்து நிமிஷம் பேசியிருக்கலாம். முடிவில் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு மணையாவது செய்ய விட்டிருக்கலாம்.

இன்றைக்கு வாரக்கடைசிப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி நாம் கற்றுக்கொள்கிறோம். நல்லதுதான். அதே ஊரில் தச்சர் வீட்டுப் பையன் பிளைவுட்டில் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறான், துளையும் கழுந்தும் போட அவனுக்கு ஆர்டர் இல்லை. இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் நிற்கிற ஒரு பட்டறை வர வேண்டும் என்பது என் ஆசை. ஒருத்தருக்கு அது பொழுதுபோக்காகவும் இன்னொருத்தருக்கு மரியாதையான கூலியாகவும் இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெஞ்சையும் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். பெரியப்பா முன்னால் வைத்து ஆப்பைத் தட்டி மாட்டினேன். அவர் உட்காரவில்லை. பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுந்து வெளியே வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஒரு பக்கம் நகம் நின்றது. இன்னொரு பக்கம் நிற்கவில்லை.

"இது இறுக்கம். இது லூசு," என்றார். வாழ்நாள் முழுக்க உளி பிடிக்காத மனுஷன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிலேட்டை மட்டும் பார்த்திருக்கிறார் என்று நான் இனிமேல் நம்பப் போவதில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு துணிச் சுருணையை எடுத்துவந்தார். உள்ளே மூன்று உளிகள். துரு ஏறியிருந்தது, பிடி ஒன்று விரிந்திருந்தது. "தீட்டினா ஆகும்" என்று மட்டும் சொன்னார். இப்போது அவை என் மேஜையில் இருக்கின்றன. தீட்டுக்கல் வாங்கியிருக்கிறேன். முதல் உளியின் தட்டைப் பக்கத்தைச் சமமாக்கவே இரண்டு சாயங்காலம் ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை.